ரெண்டாவது ஓடிபி

லாண்டரில சாப்பாட்டு மணி அடிச்சதும் அவ டிபன் டப்பாவைத் தொடவே இல்ல. ஏப்ரனைக் கழட்டி இஸ்திரி மேஜை மேல போட்டுட்டு, "ஒரு வேலையா வெளிய போயிட்டு ஓடி வந்துடறேன்க்கா"ன்னு சூப்பர்வைசர் அக்காகிட்ட சொன்னா.

"சாப்பிடாம போற அளவுக்கு அப்படி என்னடி தலை போற வேலை?"

தலைதான் போகப் போகுதுன்னு நெனச்சுக்கிட்டே பல்லைக் காட்டிட்டு வெளிய வந்துட்டா. ஆவில இருந்து வெயிலுக்கு வந்ததும் முகம் காய்ஞ்சு இழுத்துச்சு. கையெல்லாம் ஆஸ்பத்திரி பெட்ஷீட்டோட கஞ்சி வாசனை.

பேங்க் வாசல்ல மாமனார் நின்னுக்கிட்டிருந்தாரு. துறைமுகத்துல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். கப்பல்ல இருந்து லாரி உயரப் பெட்டியைத் தூக்கி, கீழ நிக்கிறவன் மேல ஒரு தூசு விழாம இறக்கி வச்ச மனுஷன். இப்ப என்னடான்னா ஒரு பிளாஸ்டிக் பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, பரீட்சை ஹாலுக்கு முன்னாடி நிக்கிற பிள்ளை மாதிரி முழிச்சுக்கிட்டிருந்தாரு.

"வந்துட்டியாம்மா. அவன் போன் பண்ணலையே?"

"இல்ல மாமா. இந்நேரம் பார்சலோட சுத்திக்கிட்டிருப்பாரு."

'அவன்'னா அவரோட மகன், இவளோட புருஷன். பார்சல் வேன் ஓட்டறவன். காலைல போனா ராத்திரிதான் வருவான். குடி கிடையாது, சீட்டு கிடையாது, கெட்ட சகவாசம்னு ஒண்ணு கிடையாது. இருக்கற ஒரே வியாதி, யாராவது "இதுல நல்லா வரும்"னு சொல்லிட்டா நம்பிடுவான். அப்பா ரிட்டயர் ஆனப்ப வந்த பணத்தை வாங்கி ஒரு கூட்டாளியோட சேர்ந்து போன் கடை வச்சான். ஒரு நாள் காலைல ஷட்டரைத் தூக்கினா உள்ள ஒரு போன் கூட இல்ல, கூட்டாளியும் இல்ல. அதுக்கப்புறம் மிச்சம் இருந்தது மாமனார் பேர்ல இந்த பேங்க்ல கிடந்த ஒரு டெபாசிட் மட்டும்தான். அது இன்னிக்கு முதிருது. இன்னிக்கு சாயந்திரம் புருஷன் வேன் விக்கிற ஆளை வீட்டுக்குக் கூட்டிட்டு வரான், ரெண்டாவது வேனுக்கு முன்பணம் குடுக்க. எந்தப் பணம்னு யாரும் சொல்லல. யாருக்கும் சொல்ல வேண்டியதும் இல்ல.

போன வாரம் மொட்டை மாடியில துணி எடுத்துக்கிட்டிருந்தப்ப மாமனார் வந்து கொடிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு சொன்னாரு. முகத்தைக் காட்டாம ஒரு போர்வைக்கு அந்தப் பக்கம் நின்னு சொன்னாரு.

"அவன் கேட்டா நான் குடுத்துடுவேன்மா. சின்ன வயசுல இருந்தே அவன் மூஞ்சியைப் பார்த்துட்டு இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராது. மறுபடி டெபாசிட் போட்டாலும் உடைச்சுக் குடுன்னு கேப்பான், உடைச்சுடுவேன். அதனால அவன் கேக்கறப்ப என் கையில ஒண்ணும் இருக்கக் கூடாது. வாயாடி பேர்ல ஒரு கணக்கு, உருண்டை பேர்ல ஒரு கணக்கு. பாதிப் பாதி போட்டுடறேன். ஆனா தாத்தா கையெழுத்து செல்லாதாம். அப்பாவோ அம்மாவோதான் கார்டியனா இருக்கணுமாம். நீ வரியா?"

வாயாடி இவளோட மூணாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு. உருண்டை இன்னும் நர்சரியில மண்ணு தின்னுக்கிட்டிருக்கற பையன். அவங்களுக்காகன்னு சொன்னதும் இவ சரின்னுட்டா. சொன்ன நிமிஷத்துல இருந்து தூக்கம் இல்ல. கல்யாணம் ஆன நாள்ல இருந்து புருஷன்கிட்ட ஒரு காசு மறைச்சதில்ல. மார்க்கெட்ல பாக்கிச் சில்லறை கூடுதலா வந்தா கூட வந்து சொல்ற ஆளு அவ.

உள்ள கவுண்டர்ல ஒரு சின்னப் பொண்ணு இருந்தா. கண்ணாடிக்குப் பின்னாடி ஜில்லுனு உக்காந்துக்கிட்டு, "வாங்க ஐயா, வாங்கக்கா, யார் பேர்ல கணக்கு?"ன்னு கேட்டா.

"பேரனுக்கும் பேத்திக்கும். தனித்தனியா"ன்னு மாமனார் பையைக் கவுத்தாரு. பிறப்புச் சான்றிதழ், போட்டோ, அடையாள அட்டை எல்லாம் விழுந்துச்சு. கூடவே உருண்டையோட ஒரு சாக்ஸும் விழுந்துச்சு. அது எப்படி அதுக்குள்ள போச்சுன்னு அந்தக் கடவுளுக்கே வெளிச்சம்.

"சாக்ஸ் வேண்டாம் ஐயா, மத்ததெல்லாம் குடுங்க"ன்னு அந்தப் பொண்ணு சிரிச்சா. மாமனார் சாக்ஸை மட்டும் எடுத்து உள்ளங்கையில பொத்திக்கிட்டாரு.

வேலை என்னவோ மளமளன்னு நடந்துச்சு. டெபாசிட் பணம் மாமனார் கணக்குக்கு வந்தாச்சு. கார்டியன் யாருன்னு கேட்டா, "நான்தான், அம்மா"ன்னு இவ சொன்னா. இதே பேங்க்லதான் இவளுக்கு சம்பளக் கணக்கு, அதனால அதுல இருக்கற விவரமே போதும்னு கவுண்டர் பொண்ணு சொல்லிட்டா. இவ கையெழுத்துப் போட்டா. பேனா வழுக்குச்சு. முடிஞ்சுடும் போலயேன்னு கொஞ்சம் மூச்சு விட்டா.

"அவ்வளவுதான்க்கா. பொண்ணு கணக்குக்கு ஒரு ஓடிபி அனுப்பியிருக்கேன். வந்ததும் சொல்லுங்க."

இவ போனைக் கவுண்டர் மேல வச்சா. மூணு பேரும் அதையே பார்த்தாங்க. போன் கல்லு மாதிரி கிடந்துச்சு.

"சிக்னல் இல்லையோ?"ன்னாரு மாமனார்.

"கடைசி ரெண்டு நம்பர் ஏழு மூணுன்னு காட்டுது. உங்க நம்பர்தானேக்கா?"

ஏழு மூணு இவ நம்பர் இல்ல. லாண்டரில வேலைக்குச் சேந்தப்ப இவகிட்ட போனே கிடையாது. அப்ப சம்பளக் கணக்கு திறக்க புருஷன்தான் கூட வந்து, "என் நம்பரையே போடு, எனக்கு வந்தா என்ன உனக்கு வந்தா என்ன"ன்னு போட்டான். அப்புறம் போன் வாங்கினா, சிம் வாங்கினா, நம்பரை மாத்தணும்னு மட்டும் இத்தனை வருஷத்துல தோணவே இல்ல. சம்பளம் வந்துச்சான்னு அவன்தான் பார்த்துச் சொல்லுவான். அது அப்படியே பழகிப் போச்சு.

"அது... அவரோட நம்பர்"னா.

மாமனார் பிளாஸ்டிக் பையைக் கசக்கினாரு. "அவனுக்கா போச்சு? வேற யாருக்கும் போகாம அவனுக்கேவா?"

"நம்பரை மாத்த முடியாதாம்மா?"ன்னு இவ அந்தப் பொண்ணைக் கேட்டா.

"மாத்தலாம்க்கா. எழுதிக் குடுத்தா ரெண்டு மூணு நாள் ஆகும். அதுக்கப்புறம் வந்து போட்டுக்கலாமே, என்ன அவசரம்?"

என்ன அவசரம்னு அந்தக் கண்ணாடிக்கு வெளிய இருந்த ரெண்டு பேராலயும் சொல்ல முடியல. சாயந்திரம் மகன் வந்து "அப்பா"ன்னு ஒரு தடவை கூப்பிட்டா போதும்.

அப்பத்தான் போன் அதிர்ந்துச்சு. புருஷன்.

"ஏய், எங்க இருக்கே? உன் பேங்க்ல இருந்து எனக்கு ஒரு ஓடிபி வந்திருக்கு. எவனோ உன் கணக்குல கை வைக்கிறான். யாராவது கேட்டாங்களா? சொல்லிடாதே!"

கடை போனதுக்கப்புறம் அவனுக்கு இந்த ஒரு விஷயத்துல பேய் பிடிச்ச மாதிரி. பிரிட்ஜ் மேல பெரிய எழுத்துல எழுதி ஒட்டி வச்சிருக்கான்: யாருக்கும் நம்பர் சொல்லாதே. வாயாடி அதைப் பார்த்துட்டு ஸ்கூல்ல ரோல் நம்பர் கேட்ட டீச்சர்கிட்டயே சொல்ல மாட்டேன்னுட்டா.

மாமனார் இவ முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தாரு. கண்ணாலயே கெஞ்சினாரு.

"நான்தாங்க"ன்னா இவ. குரல் அவளோடதாவே இல்ல. "லாண்டரில சம்பளக் கணக்கு ஏதோ புதுப்பிக்கணும்னாங்க. அதான் பேங்குக்கு வந்தேன். அந்த நம்பரைச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் வேன் இண்டிகேட்டர் டிக் டிக்குன்னது மட்டும் கேட்டுச்சு.

"நீ நீதானா?"

"என்னது?"

"இப்பல்லாம் குரலையே அச்சு அசலா பேசுறானுங்க. நியூஸ்ல போட்டான். உன் குரல் ஒரு மாதிரி இருக்கு. நீதான்னா ஒண்ணு சொல்லு. கடை போன அன்னிக்கு நான் எங்க உக்காந்திருந்தேன்?"

அது உலகத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். அவன் அப்பாவுக்குக் கூடத் தெரியாது. அப்பா இப்ப பக்கத்துல நின்னுக்கிட்டிருக்காரு. இவ திரும்பி நின்னு, வாயைக் கையால மூடிக்கிட்டு, மெதுவா சொன்னா.

"மாடிப்படிக்குக் கீழ. சைக்கிளுக்குப் பின்னாடி."

"ம்... அப்ப நீதான்"னான். குரல் இளகிடுச்சு. "பயந்தே போய்ட்டேன்டி. எழுதிக்கோ."

ஆறு நம்பரையும் சொன்னான். ஒவ்வொண்ணும் இவ மேல சூடா விழுந்துச்சு. கவுண்டர் பொண்ணு டிக் டிக்குன்னு தட்டினா, "ஆச்சு, பொண்ணு கணக்கு ஓப்பன் ஆயிடுச்சு, பாதிப் பணமும் போயிடுச்சு"ன்னா. மாமனார் கண்ணை மூடிக்கிட்டாரு. இவ போனை வச்சுட்டு, கையை ஏதோ அழுக்குல வச்ச மாதிரி புடவையில துடைச்சுக்கிட்டா.

"அடுத்தது பையனுக்கு. இன்னொரு ஓடிபி வரும்க்கா."

"இன்னொண்ணா?"

"தனித்தனிக் கணக்குன்னுதானே சொன்னீங்க? ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு. அனுப்பிட்டேன்."

இவ நிறுத்துன்னு சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள போயாச்சு. மாமனார் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டாரு. பாதிப் பணம் வாயாடி பேர்ல போயிடுச்சு, மீதிப் பாதி இன்னும் அவர் கணக்குலயே கிடக்குது. கிரேன் கொக்கியில பெட்டி பாதி தூரத்துல தொங்கற மாதிரி.

போன் அடிச்சுச்சு.

"மறுபடியும் வந்திருக்குடி! சம்பளக் கணக்குக்கு எதுக்கு ரெண்டு தடவை? அவனுங்க உன்னை ஏமாத்துறானுங்க. நீ எதையும் தொடாதே. நான் பக்கத்துலதான் இருக்கேன், அந்த பெட்ரோல் பங்க் கிட்ட. வந்து மேனேஜரைக் கூப்பிட்டு பிளாக் பண்ணச் சொல்றேன்."

"ஏதாச்சும் சொல்லும்மா"ன்னு மாமனார் உதட்டை மட்டும் அசைச்சாரு. "ஏதாச்சும்."

சொல்ல எவ்வளவோ இருந்துச்சு. மெஷின் கோளாறு, முதல் நம்பர் தப்பாயிடுச்சு, எதைச் சொன்னாலும் நம்பிடுவான். அவன் வியாதியே அதுதானே. ஆனா சைக்கிளுக்குப் பின்னாடின்னு சொன்ன அதே வாயால இன்னொரு பொய் சொல்ல இவளுக்கு வரல. அவன் பரீட்சை வச்சான், இவ பாஸ் பண்ணா. பாஸ் பண்ணதே காப்பியடிச்சுப் பண்ண மாதிரி இருந்துச்சு.

"என்னங்க, யாரும் ஏமாத்தல. நான்தான் உங்களை ஏமாத்தினேன்"னா. "மாமா என் கூட இருக்காரு. பிள்ளைங்க பேர்ல கணக்கு திறக்கறோம். டெபாசிட் பணத்தை அதுல போடறோம்."

மாமனார் தலையில கையை வச்சுக்கிட்டு அங்க இருந்த நாற்காலியில பொத்துனு உக்காந்தாரு.

அந்தப் பக்கம் இண்டிகேட்டர் சத்தமும் நின்னுடுச்சு.

"அப்பாகிட்ட போனைக் குடு."

"குடுக்க மாட்டேன்."

"என்னது?"

"நீங்க கேட்டா அவர் குடுத்துடுவாரு. அவருக்கே தெரியும், உங்களுக்கும் தெரியும். எதுவா இருந்தாலும் எங்கிட்ட பேசுங்க."

போன் கட் ஆச்சு.

கவுண்டர் பொண்ணு எதையும் கேக்காத மாதிரி ஸ்டேப்ளரை ரெண்டு தடவை திறந்து மூடினா. கொஞ்ச நேரத்துலயே வாசல்ல பிரேக் கிரீச்சுன்னுச்சு. "சார், இங்க நிறுத்தக் கூடாது சார், சார்!"னு செக்யூரிட்டி கத்தற சத்தம். கதவு திறந்துச்சு. புருஷன் கம்பெனித் தொப்பியோட, யாருக்கோ போக வேண்டிய ஒரு அட்டைப் பெட்டியைக் கீழ வைக்க மறந்து, கக்கத்துல இடுக்கிக்கிட்டே உள்ள வந்தான்.

நேரா அப்பா முன்னாடி போய் நின்னான்.

"என்கிட்ட இருந்தாப்பா ஒளிக்கிறீங்க? நான் என்ன திருடனா?"

மாமனார் நிமிர்ந்து பார்த்தாரு. அந்த ஒரு பார்வை போதும், கரைஞ்சுட்டாரு. "இல்லப்பா... அப்படி இல்ல... வேணும்னா இந்த மீதிப் பாதியை நீ..."

"மாமா"ன்னா இவ. "நீங்க பேசாதீங்க."

இவ மாமனாரை அதட்டி யாரும் பார்த்ததில்ல. மாமனார் வாயை மூடிக்கிட்டாரு. புருஷன் மெதுவா இவ பக்கம் திரும்பினான்.

"ஓ. இப்ப நீ அந்தக் கட்சியா?"

"பிள்ளைங்க கட்சி."

"வேன் யாருக்கு வாங்கறேன்? எனக்கா? அதுவும் பிள்ளைங்களுக்குத்தானே!"

"கடையும் பிள்ளைங்களுக்குன்னுதான் சொன்னீங்க."

சொன்னதுக்கப்புறம் ஏன் சொன்னோம்னு ஆயிடுச்சு. அவன் முகம் சுண்டைக்காய் மாதிரி சுருங்கிப் போச்சு. பெட்டியைக் கக்கத்துல இன்னும் இறுக்கிக்கிட்டான், அட்டை நெரிஞ்சுச்சு. வரிசையில நின்ன ஒரு ஆளு போனைப் பார்க்கற மாதிரி நடிச்சுக்கிட்டே காதைத் தீட்டிக்கிட்டிருந்தான்.

"கார்டியன் யாரைப் போட்டிருக்கீங்க?"ன்னு அவன் கவுண்டர் பொண்ணைக் கேட்டான்.

"அக்காவை, சார்."

"என்னைப் போடணும்னு யாருக்கும் தோணல."

"உங்களைப் போட்டா யாராவது வந்து நல்ல வார்த்தை பேசினா எடுத்துக் குடுத்துடுவீங்க"ன்னா இவ. "நீங்க திருடன் இல்லங்க. திருடனா இருந்தா பீரோவைப் பூட்டினா போதும், நான் எதுக்கு சாப்பிடாம இங்க வந்து நிக்கணும்? உங்கப்பா மாதிரியேதான் நீங்களும். ஒருத்தன் மூஞ்சியைப் பார்த்துட்டு இல்லைன்னு சொல்ல வராது. எனக்கு வரும். அதான் நான்."

கவுண்டர் பொண்ணு லேசா இருமினா.

"சாரி சார்... அந்த ஓடிபி நேரம் முடிஞ்சுடுச்சு. மறுபடி அனுப்பட்டுமா, இல்ல...?"

மாமனார் உருண்டையோட சாக்ஸைக் கையில வச்சுத் திருகிக்கிட்டிருந்தாரு. வேண்டாம்னு ஒரு வார்த்தை மகன் சொன்னா போதும், எல்லாம் அதோட முடிஞ்சுடும். நம்பர் அவன் பாக்கெட்லதானே வரும். பிடுங்கியா எடுக்க முடியும்?

"அனுப்புங்க"ன்னா இவ.

டிங்னு அவன் சட்டைப் பையில சத்தம் வந்துச்சு. போனை எடுத்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கு"ன்னான்.

அது ஜோக்கா கோவமான்னு அவளுக்குப் பிடிபடல. "நான் கேட்டாலுமா?"

"நீ நீதானான்னு எனக்கெப்படித் தெரியும்? முதல் தடவையும் நீதான்னு நம்பித்தான் சொன்னேன்."

அது சுருக்குன்னு குத்துச்சு. குத்தட்டும்னு நின்னா.

அவன் போன்ல இருந்து கண்ணை எடுக்காம கேட்டான். "நான் படிக்குக் கீழ உக்காந்திருந்தப்ப நீ என்ன பண்ணே?"

மாமனார் நிமிர்ந்து பார்த்தாரு. எந்தப் படி, எப்போன்னு அவருக்கு ஒண்ணும் புரியல. இந்தத் தடவை இவ திரும்பி நிக்கல, வாயையும் மூடல.

"படிக்கட்டு லைட்டை அணைச்சேன்"னா. "மாமா கீழ இறங்கி வந்துட்டிருந்தாரு. அவர் உங்களைப் பார்த்துடக் கூடாதுன்னு."

மாமனார் சாக்ஸைத் திருகறதை நிறுத்திட்டு மகனைப் பார்த்தாரு.

புருஷன் தொண்டையைச் செருமிக்கிட்டான். அப்புறம் ஒவ்வொரு நம்பரா வாசிச்சான். இவகிட்ட சொல்லல, நேரா கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான். நாலாவது நம்பர்ல ஒரு தடவை நின்னான். கவுண்டர் பொண்ணோட விரல் கீபோர்டு மேல அப்படியே நின்னுச்சு. கடைசி ரெண்டையும் சேர்த்து வேகமா சொல்லிட்டு, வெளிய போயிட்டான். கதவு அவன் பின்னால ஆடிக்கிட்டே இருந்துச்சு.

"பையன் கணக்கும் ஓப்பன் ஆயிடுச்சுக்கா"ன்னு அந்தப் பொண்ணு மெதுவா சொன்னா. பணம் மாறுச்சு. மாமனார் கணக்குல ஒரு டீக்கு ஆகற அளவுக்குத்தான் மிச்சம். அவர் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்துட்டு, சாக்ஸோட சேர்த்து பையில போட்டுக்கிட்டாரு.

வெளிய வந்தா வேன் இன்னும் அங்கேயே நிக்குது. செக்யூரிட்டி அது பக்கத்துல இடுப்புல கை வச்சுக்கிட்டு நின்னு, "எடுங்க சார், எடுங்க சார்"னு மந்திரம் மாதிரி சொல்லிக்கிட்டிருந்தான். புருஷன் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு எதிர்ல பார்த்துக்கிட்டிருந்தான். இந்தப் பக்கத்துக் கதவு மட்டும் திறந்து கிடந்துச்சு.

"லாண்டரிக்கு நேரமாகுது. ஏறு"ன்னான்.

மாமனாரை நடுவுல உக்கார வச்சு, இவ ஓரத்துல ஏறினா. மூணு பேரும் தோளோட தோள் இடிச்சுக்கிட்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கிட்டு. பின்னாடி பார்சல் எல்லாம் ஒண்ணோடொண்ணு முட்டிக்கிட்டுச்சு.

"நீ கையெழுத்துப் போட்டா அந்தப் பணத்தை எடுக்கலாமா?"ன்னு அவன் கேட்டான்.

"எடுக்கலாமாம்."

"போடுவியா?"

"மாட்டேன்."

கியரை மாத்தினான். முன்னாடி வச்சிருந்த போன் அடிச்சுச்சு. வேன்காரன்னு பேர் வந்துச்சு. அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. மாமனாரோட முழங்கால் ஆட ஆரம்பிச்சுடுச்சு. இவ அது மேல கையை வச்சு அழுத்தினா. சிக்னல்ல வண்டி நின்னப்ப புருஷன் போனை எடுத்தான்.

"அண்ணே, சாயந்திரம் வர வேண்டாம்ணே... இல்லண்ணே. இல்ல."

அந்தாளு விடாம பேசினான். நல்ல வண்டி, நல்ல விலை, வேற ஆளு காத்திருக்கான்னு ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. அவன் நெத்தியில வேர்வை பூத்துச்சு. பச்சை விழுந்துடுச்சு, பின்னால ஹாரன் அடிச்சாங்க. அவன் திரும்பி மாமனார் தலைக்கு மேல இவளைப் பார்த்தான். அப்புறம் போனை அவ பக்கம் நீட்டினான்.

"நீ சொல்லு. உனக்குத்தான் வரும்."